ஹார்வர்டு 71, ஸ்டான்ஃபோர்டு 67: எதிராளியின் அரங்கில் ஒரு மார்ச் மாதம்

1998 மார்ச் 14, சனிக்கிழமை. கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் மேப்பிள்ஸ் அரங்கில், அந்தப் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியை ஹார்வர்டு பெண்கள் அணி 71-67 என்று தோற்கடித்தது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கான என்.சி.ஏ.ஏ. தொடரின் முதல் சுற்று அது. ஸ்டான்ஃபோர்டு தன் மண்டலத்தில் முதலாம் தரநிலை. ஹார்வர்டு 16ஆம் தரநிலை, அதாவது கடைசி. அதுவரை ஆண்கள் தொடரிலும் சரி, பெண்கள் தொடரிலும் சரி, 16ஆம் நிலை அணி எதுவும் முதல் நிலை அணியை வென்றதே இல்லை. பெண்கள் தொடரில் கால் நூற்றாண்டு கடந்தும் இந்த ஒரு ஆட்டம்தான் கணக்கில் இருக்கிறது.

கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்கள் இரண்டு பேர் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், சிறிது நேரத்தில் ஒருவர் "வாஸ்தவம்தான், ஆனால்..." என்று இழுப்பார். ஸ்டான்ஃபோர்டின் இரண்டு முக்கிய வீராங்கனைகள் அந்த வாரத்தில்தான் முழங்கால் காயத்தால் விலகியிருந்தார்கள். அவர்கள் ஆடியிருந்தால்? இந்தக் கேள்வியை எழுப்பாமல் யாரும் இந்த ஆட்டத்தைப் பேசி முடித்து நான் பார்த்ததில்லை. நியாயமான கேள்விதான். ஆனால் காயத்தை மட்டுமே பேசிப் பேசி, அதைவிடப் பெரிய ஒன்றை விட்டுவிடுகிறார்கள். ஆட்டம் நடந்த இடம்.

யார் வீட்டில் ஆட்டம்?

அந்தத் தொடரில் 64 அணிகள். நான்கு மண்டலங்கள், மண்டலத்துக்கு 16 அணிகள். தேர்வுக் குழு ஒவ்வொரு மண்டலத்திலும் அணிகளை ஒன்றிலிருந்து பதினாறு வரை வரிசைப்படுத்தும். முதல் சுற்றில் ஒன்றும் பதினாறும் மோதும், இரண்டும் பதினைந்தும் மோதும், அப்படியே மற்றவை. தோற்றால் வீட்டுக்கு. இதுவரை ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஏற்பாடுதான்.

இடம் என்று வரும்போதுதான் பாதை பிரிகிறது. ஆண்கள் தொடரில் முதல் சுற்றே பொதுவான ஊர்களில் நடக்கும். எந்த அணிக்கும் அது சொந்த அரங்கு கிடையாது. பெண்கள் தொடரில் மண்டலத்துக்கு முதல் நான்கு தரநிலை அணிகள் முதல் இரண்டு சுற்றுகளையும் தங்கள் ஊரிலேயே நடத்தும். பொதுவான ஊரில் வைத்தால் பாதி நாற்காலி காலியாக இருக்கும் என்ற பயம், செலவுக் கணக்கு, இரண்டும் சேர்ந்து உருவான வழக்கம் இது. இடையில் சில ஆண்டுகள் மாற்றிப் பார்த்தார்கள். 2015 முதல் மறுபடியும் இதே முறைக்கு வந்துவிட்டார்கள்.

ஆகவே பெண்கள் தொடரில் 16ஆம் நிலையில் இருப்பது என்றால், நாட்டின் தலைசிறந்த நான்கு அணிகளில் ஒன்றை எதிர்கொள்ள வேண்டும், அதுவும் அந்த அணி தினமும் பயிற்சி எடுக்கும் அதே தரையில், அதன் ரசிகர்கள் நிறைந்த கூடத்தில். வளையத்துக்குப் பின்னால் தெரியும் சுவரும், உடைமாற்றும் அறைக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதும்கூட விருந்தாளிக்குப் புதிது. ஹார்வர்டு இருக்கும் மாசசூசெட்ஸிலிருந்து ஸ்டான்ஃபோர்டுக்கு ஏறத்தாழ 4,300 கிலோமீட்டர். கடிகாரத்தில் மூன்று மணி நேர வித்தியாசம்.

பெண்கள் தொடர் 64 அணிகளாக விரிந்தது 1994இல். அந்த ஆண்டிலிருந்து 1997 வரை நடந்த 16 ஆட்டங்களிலும் முதல் நிலை அணிகளே வென்றன. ஆண்கள் தொடரில் 1985 முதல் அந்த மார்ச் வரை 56 ஆட்டங்கள். அங்கும் அதே முடிவு. முதல் நிலை அணிகளுக்கு இந்த ஆட்டம் பெயருக்குத்தான். பயிற்சியாளர்கள் வெளியே மரியாதையாகப் பேசினாலும், அவர்கள் மேசையில் அடுத்த சுற்று எதிரணியின் வீடியோ தயாராக இருக்கும்.

ஸ்டான்ஃபோர்டு என்ற கோட்டை

தாரா வான்டெர்வீர் பயிற்சியில் ஸ்டான்ஃபோர்டு 1990, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றிருந்தது. 1995, 1996, 1997 என்று தொடர்ந்து மூன்று முறை இறுதி நான்கு அணிகளுக்குள் வந்திருந்தது. இதில் 1996இல் அவர் அணியோடு இல்லை. அமெரிக்க தேசிய அணியை அட்லாண்டா ஒலிம்பிக்குக்குத் தயார்செய்யப் போயிருந்தார், தங்கத்தோடு திரும்பினார். தலைமைப் பயிற்சியாளர் ஒரு ஆண்டு விடுப்பில் போனாலும் கடைசி நான்குக்குள் வந்துவிடும் அணி என்றால் அதன் ஆழத்தைப் புரிந்துகொள்ளலாம்.

சொந்த அரங்கிலோ தொடர்ச்சியாக 59 வெற்றிகள். மேப்பிள்ஸ் அரங்கின் தரைக்கென்றே ஒரு பெயர் உண்டு. அது துள்ளும். மரப்பலகைகளுக்குக் கீழே இடைவெளி விட்டுக் கட்டியதால் கால்பட்டால் மெல்ல ஏறி இறங்கும் தரை. 2004இல் நடந்த புதுப்பிப்பு வரை அப்படித்தான் இருந்தது. ரசிகர்கள் ஒரே தாளத்தில் குதித்தால் அரங்கமே அசைவதுபோல் இருக்கும் என்று அங்கே ஆடியவர்கள் சொல்வார்கள். அந்தத் தரை ஒருவரின் எறிதலை எத்தனை அங்குலம் மாற்றும் என்று கேட்டால் யாரிடமும் கணக்கு இருக்காது. வந்து இறங்கும் அணி அதைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தாலே வீட்டுக்காரருக்குப் பாதி வேலை முடிந்தது.

இரண்டு முழங்கால்கள்

வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வனெசா நைகார்டுக்கு முழங்காலில் ஏ.சி.எல். தசைநார் கிழிந்தது. சில நாள்களுக்குள் பயிற்சியின்போது கிறிஸ்டின் ஃபோல்க்கலுக்கும் அதே தசைநார். இருவரும் தொடக்க ஐவரில் ஆடுபவர்கள், இருவரும் ஃபார்வர்டு, அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமானவர்கள். ஃபோல்க்கல் சாதாரண ஆட்டக்காரர் இல்லை. ஸ்டான்ஃபோர்டின் கைப்பந்து அணிக்காகவும் ஆடித் தேசியப் பட்டங்கள் வென்றவர், கைப்பந்துப் பருவம் முடிந்த கையோடு கூடைப்பந்துக்கு வருபவர். நைகார்டு பிற்பாடு பெண்களுக்கான தொழில்முறை லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வில் ஃபீனிக்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தார்.

ஓடுகிற வேகத்தில் சட்டென்று திசை திரும்பும்போதோ, குதித்துத் தரையிறங்கும்போதோ யாரும் தொடாமலே அறுந்துவிடக்கூடியது ஏ.சி.எல். கூடைப்பந்தில் பெண்களுக்கு இந்த ஆபத்து ஆண்களைவிடச் சில மடங்கு அதிகம். அறுவை சிகிச்சை, பிறகு பல மாத மறுவாழ்வுப் பயிற்சி. அந்த மார்ச்சில் அவர்கள் திரும்ப வழியே இல்லை. ஆனால் அணிக்கு வழங்கப்பட்ட தரநிலை அப்படியே இருந்தது.

எண்ணிக்கையைவிட இந்த இழப்பின் தன்மைதான் முக்கியம். வெளிவட்டத்தில் நின்று பந்தை நடத்தும் கார்டுகள் இருவர் போயிருந்தால் அதைக் கொண்டுபோவதில் தடுமாற்றம் வந்திருக்கும், சமாளித்திருக்கலாம். போனது இரண்டு ஃபார்வர்டுகள். எதிரணியின் ஒரே பெரிய ஆயுதமும் ஒரு ஃபார்வர்டு. அவரை மறித்து நிற்கும் உயரமும் வேகமும் சேர்ந்தவர்கள் யாரோ, அவர்கள் இருவரும்தான் சாதாரண உடையில் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனைக்கும் ஒலிம்பியா ஸ்காட் போன்ற வலுவான ஆட்டக்காரர் அணியில் மிச்சம் இருந்தார். அந்த ஆண்டே டபிள்யூ.என்.பி.ஏ.வுக்குத் தேர்வானவர் அவர். வெறும் கூடு என்று சொல்லிவிட முடியாது.

பதினாறு என்று எழுதியது யார்?

இந்தப் பக்கம் வருவோம். அமெரிக்காவின் பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் எட்டு சேர்ந்து நடத்தும் ஐவி லீகைச் சேர்ந்தது ஹார்வர்டு. ஐவி லீகில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. ஆட்டத்துக்காக யாரையும் இலவசமாகப் படிக்க வைக்க மாட்டார்கள். லீகின் மற்ற அணிகளும் தேசிய அளவில் பலமானவை இல்லை. அதனால் ஹார்வர்டு எத்தனை ஆட்டம் வென்றாலும், யாரை வென்றாய் என்று கேட்டுத் தேர்வுக் குழு கீழே தள்ளிவிடும். முந்தைய ஆண்டும் 16ஆம் நிலை, வட கரோலினாவிடம் நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். 1998இல் அந்தத் தோல்வியும் குழுவின் மனதில் இருந்திருக்கும். தொடர்ந்து மூன்றாவது முறையாக லீக் பட்டம் வென்று வந்த அணிக்கு மீண்டும் 16.

அந்த 16ஐ அணிக்குள் யாரும் ஏற்கவில்லை. பயிற்சியாளர் கேத்தி டிலேனி-ஸ்மித் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார். 1982இல் ஹார்வர்டுக்கு வந்து நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்ட மனிதர். அதற்குமுன் பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்தவர். நம்பிக்கை இல்லாவிட்டாலும் இருப்பதுபோல் நடந்துகொள், உடம்பு பின்னாலேயே வரும் என்பது அவர் வீராங்கனைகளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கிய பாடம். இதைத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் யாராவது சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். பள்ளிச் சிறுமிகளிடமிருந்து தொடங்கி அதையே செய்துகாட்டிய ஒருவர் சொல்லும்போது கேட்கத் தோன்றுகிறது.

அவரிடம் அலிசன் ஃபீஸ்டர் இருந்தார். தென் கரோலினாவின் செஸ்டர் என்ற சிற்றூர்ப் பெண். அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதிகப் புள்ளிகள் எடுத்தவர் அவர்தான், ஆட்டத்துக்குச் சராசரி 28.5. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஐவி லீகின் சிறந்த வீராங்கனை. கூடைக்கு அடியில் முதுகைக் கொடுத்தும் ஆடுவார், வெளியே வந்து தூரத்திலிருந்தும் எறிவார், தவறிய எறியிலிருந்து திரும்பிவரும் பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டுக்கும் முட்டிமோதுவார். நாட்டின் முதல் புள்ளிக்காரர் ஆடும் அணியை 16ஆம் நிலையில் வைத்தது ஹார்வர்டுக்கு மட்டும் நடந்த அநியாயமா? ஸ்டான்ஃபோர்டுக்கும்தான் என்பேன். முதல் நிலை அணிக்குப் பரிசாகக் கிடைக்க வேண்டியது தொடரின் மிக எளிய எதிரணி. கிடைத்ததோ நடுத்தட்டில் இருந்திருக்க வேண்டிய ஒரு அணி, அதுவும் கோபத்தில் இருந்த அணி.

தேர்வுக் குழுக்கள் சிறிய லீக் அணிகளைக் குறைத்து எடைபோடும்போது ரசிகர்கள் எப்போதும் அந்தச் சிறிய அணிக்காகத்தான் பரிதாபப்படுவார்கள். அடி விழுவது பல நேரம் எதிரில் நிற்பவருக்கு.

நாற்பது நிமிடங்கள்

அந்தக் காலத்தில் பெண்கள் ஆட்டமும் இருபது நிமிடங்கள் கொண்ட இரண்டு பாதிகளாகத்தான் நடந்தது. ஹார்வர்டு முதல் பாதியிலேயே முந்தியது. இங்கேதான் வழக்கமான கதை வேறு மாதிரி போயிருக்க வேண்டும். பொதுவாகச் சின்ன அணி பயந்து தொடங்கும், பத்துப் பதினைந்து புள்ளி பின்தங்கும், பிறகு தைரியம் வந்து ஆடும்போது நேரம் போதாது. ஹார்வர்டுக்கு அந்தப் பயக் கட்டமே இல்லை.

இரண்டாம் பாதியில் ஸ்டான்ஃபோர்டு துரத்தி வந்தது. பிடித்தது. கடைசிக் கட்டத்தில் முன்னிலையும் எடுத்தது. என் கணக்கில் ஆட்டத்தின் முக்கியமான இடம் இதுதான். பின்தங்கிய வீட்டுக்காரர் அணி முன்னால் வரும்போது அரங்கம் எப்படி எழும் என்பது சொந்த ஊர் அணிக்குக் கத்திப் பழகியவர்களுக்குத் தெரியும். அந்தச் சத்தத்தில் பயிற்சியாளர் சொல்வது காதில் விழாது. நடுவரின் விசில்கூடச் சில நேரம் தாமதமாகத்தான் கேட்கும். நல்ல அணிகளே அந்த ஐந்து நிமிடத்தில் அவசரப்பட்டுக் கண்டபடி எறிந்து ஆட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கின்றன. 59 வெற்றிகளில் சில அப்படி வந்தவையாகத்தான் இருக்கும்.

ஹார்வர்டு கொடுக்கவில்லை. ஃபீஸ்டர் அன்று 35 புள்ளிகள், 13 ரீபவுண்டுகள். அணியின் மொத்தப் புள்ளிகளில் ஏறக்குறையப் பாதி ஒருவரிடமிருந்து. அப்படி ஒருவர் ஆடும்போது எதிரணி கடைசி நிமிடங்களில் செய்யக்கூடியது ஒன்றுதான், கூடுதல் ஆளை அவர் பக்கம் அனுப்ப வேண்டும். அனுப்பினால் வேறு எங்கோ ஓரிடம் காலியாகும். கடைசி நிமிடத்தில் கார்டு சூசி மில்லர் தூரத்திலிருந்து எறிந்த மூன்று புள்ளி எறி வலைக்குள் போனது. ஸ்டான்ஃபோர்டுக்கு அதிலிருந்து எழ நேரம் இருக்கவில்லை. இறுதியில் நான்கு புள்ளி வித்தியாசம்.

ஃபீஸ்டரின் ஆட்டம் என்று இதைச் சுருக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. 35 புள்ளி எடுத்துத் தோற்ற நட்சத்திரங்கள் இந்தத் தொடரின் வரலாற்றில் ஏராளம். அவரைப் பார்த்துக்கொண்டே நிற்காமல், பந்து தன் கைக்கு வந்தபோது தயங்காமல் எறிந்த ஒரு கார்டு இருந்ததால்தான் அந்த 35க்கு மதிப்பு வந்தது.

அந்த "ஆனால்"

இப்போது காயத்துக்குத் திரும்பலாம். ஃபோல்க்கலும் நைகார்டும் ஆடியிருந்தால் ஸ்டான்ஃபோர்டு வென்றிருக்கும் என்பதை நான் மறுக்கப் போவதில்லை. பத்து முறை ஆடினால் எட்டோ ஒன்பதோ அவர்களுக்குத்தான். அதை வைத்து இந்த வெற்றியின் பெருமையைக் குறைப்பதில்தான் எனக்குத் தகராறு.

2018 மார்ச் 16 அன்று ஆண்கள் தொடரில் முதல்முறையாக இது நடந்தது. 16ஆம் நிலையில் இருந்த யு.எம்.பி.சி. (மேரிலாண்ட் பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி), முதல் நிலையில் இருந்த வர்ஜீனியாவை 74-54 என்று வென்றது. அந்த நொடி வரை ஆண்கள் தொடரில் 16ஆம் நிலை அணிகள் ஆடிய 135 ஆட்டங்களும் தோல்வி. மறுநாள் உலகம் முழுக்க அதே பேச்சு. அந்த வர்ஜீனியா அணியில் டி'ஆன்ட்ரே ஹன்டர் ஆடவில்லை. சில நாள்களுக்கு முன்புதான் அவருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. பின்னாளில் ஆண்களுக்கான தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்குப் போன ஆட்டக்காரர், அடுத்த ஆண்டு வர்ஜீனியா பட்டம் வென்றபோது அதில் பெரும்பங்கு வகித்தவர். யு.எம்.பி.சி. வெற்றியைப் பேசும்போது "ஹன்டர் இல்லையே" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்பவர்களைத் தேடத்தான் வேண்டும். ஹார்வர்டு பெண்களின் வெற்றியைச் சொல்லும்போது மட்டும் காயம் முதல் வாக்கியத்திலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

ஒரு வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்ள வேண்டும். வர்ஜீனியா இழந்தது ஒருவரை, அவரும் மாற்று ஆளாகக் களமிறங்கியவர். ஸ்டான்ஃபோர்டு இழந்தது தொடக்க ஐவரில் இருவரை. தராசில் அது கனம்தான். மறுதட்டில் எதை வைப்பது? யு.எம்.பி.சி. ஆடியது சார்லட்டில், பொதுவான அரங்கில். 2023இல் ஃபேர்லி டிக்கின்சன் பல்கலைக்கழகம் பர்டியூவை 63-58 என்று வென்றதும் ஓஹையோவின் கொலம்பஸில், அதுவும் பொதுவான அரங்கு. பொது அரங்கில் இன்னொன்றும் நடக்கும். அடுத்த ஆட்டத்துக்காக வந்து காத்திருக்கும் மற்ற அணிகளின் ரசிகர்கள் எல்லோரும் சின்ன அணியின் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். இரண்டாம் பாதியில் அந்த அணிக்குத் திடீரென்று ஒரு சொந்த ஊர் கிடைத்துவிடும். மேப்பிள்ஸில் ஹார்வர்டுக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

முதல் நிலை அணிகளைச் சாய்த்த மூன்று 16ஆம் நிலை அணிகளில் எதிராளியின் சொந்த அரங்கில் போய் வென்றது ஹார்வர்டு மட்டும். காயங்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட விரும்புகிறவர்கள் அரங்கத்தைக் கூட்டிக்கொள்ள மறந்துவிடக் கூடாது. என் கணக்கில் மூன்றிலும் இதுதான் கடினமான வெற்றி. யு.எம்.பி.சி. இருபது புள்ளி வித்தியாசத்தில் வென்றதைக் காட்டி மறுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆட்டத்தை வர்ஜீனியாவின் சொந்த ஊரான சார்லட்ஸ்வில்லில் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு

அடுத்த சுற்று அதே மேப்பிள்ஸ் தரையில். ஹார்வர்டு அங்கே ஆர்கன்சாவிடம் தோற்றது. 9ஆம் நிலையில் இருந்த ஆர்கன்சா பிறகு இறுதி நான்கு வரை போனது. ஸ்டான்ஃபோர்டு விழுந்ததால் திறந்த வாசல் அது என்று சொல்லலாம். அந்த ஆண்டுப் பட்டம், ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல், டென்னசிக்கு. ஃபீஸ்டரை டபிள்யூ.என்.பி.ஏ. தேர்வில் லாஸ் ஏஞ்சலிஸ் அணி ஐந்தாவதாக எடுத்தது. வான்டெர்வீர் 2021இல் மூன்றாவது பட்டமும் வென்று, 2024இல் ஓய்வு பெறுமுன் கல்லூரிக் கூடைப்பந்தில் ஆண், பெண் இரு தரப்பிலும் அதிக வெற்றி கண்ட பயிற்சியாளர் ஆனார்.

யு.எம்.பி.சி. வென்ற இரவில் "வரலாற்றில் முதல்முறை" என்று தலைப்புகள் ஓடியபோது, பெண்கள் கூடைப்பந்து ரசிகர்கள் உடனே திருத்தம் கேட்டார்கள். ஆண்கள் தொடரில் முதல்முறை என்று எழுதுங்கள், இது இருபது ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது என்றார்கள். பல இடங்களில் திருத்தினார்கள். அந்த வாதத்தில் இன்னொரு வரியையும் சேர்த்துக் கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்: அது வெளியூரில் நடந்தது. முதல் நான்கு நிலை அணிகளே முதல் இரண்டு சுற்றுகளை நடத்தும் விதி பெண்கள் தொடரில் இப்போதும் இருக்கிறது. ஆகவே அடுத்து இதைச் செய்யப்போகும் 16ஆம் நிலை அணி எதுவானாலும், ஹார்வர்டைப் போலவே எதிராளியின் அரங்குக்குப் போய்த்தான் செய்தாக வேண்டும்.